17 ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் கோல்ஃப்: மட்டை வாங்கும் முன் எனக்குத் தெரிந்திருக்க வேண்டியவை

2006ஆம் ஆண்டு மே மாதத்துக்குப் பிறகு நான் கோல்ஃப் மட்டையைக் கையில் எடுக்கவில்லை. நீலகிரியில் தேயிலை நிறுவனம் ஒன்றில் பணிபுரிந்த பன்னிரண்டு ஆண்டுகளும் ஊட்டி ஜிம்கானா மைதானத்தில் வாரம் இரு முறையாவது ஆடிவந்தேன். ஆட்டத் திறனைக் குறிக்கும் ஹேண்டிகேப், குறையக் குறைய நல்லது, 11 வரை இறங்கியிருந்தது. பிறகு கோவைக்கு மாற்றல், அப்பாவுக்குப் பக்கவாதம், இரண்டு பெண்களின் படிப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்ததில் பை பரணில் ஏறிவிட்டது. 2023 ஜனவரியில், 55 வயதில், சின்னவள் வேலைக்குச் சேர்ந்து பெங்களூருக்குக் கிளம்பிய வாரத்தில்தான் அதைக் கீழே இறக்கினேன். அடுத்த பத்து மாதங்களில் ஏறத்தாழ 78,000 ரூபாயை இழந்தேன். அதோடு ஒரு கோடை முழுவதும் முழங்கை வலியுடன் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அந்தக் காலத்தில் என்னுடன் ஆடியவர்கள் எல்லாரும் ஊர் மாறிவிட்டார்கள். கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை. இன்று அதே நிலையில் இருக்கும் ஒருவருக்காவது பயன்படட்டும் என்று, நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

பையின் ஜிப்பைத் திறந்ததும் ரப்பர் மக்கிய வாடை அடித்தது. ஏழாம் எண் அயர்னை உருவிப் பிடித்தேன். அயர்ன் என்பது உலோகத் தலை கொண்ட மட்டை; எண் கூடக் கூடப் பந்து போகும் தூரம் குறையும். கைப்பிடி ரப்பரான கிரிப் கண்ணாடிபோல் வழவழப்பாக இறுகிப்போயிருந்தது. கையை விரித்துப் பார்த்தபோது உள்ளங்கை ரேகைகளில் கரிப்பொடி படிந்திருந்தது. மட்டையின் தண்டான ஷாஃப்டில் கிரிப்புக்குக் கீழே இரண்டு இடங்களில் மிளகளவு துருப்புள்ளிகள் இருந்தன. ஆனால் தலைப்பகுதி அப்படியே இருந்தது. 1998இல் மூன்று மாதச் சம்பளத்தைச் சேர்த்து வைத்து வாங்கிய, காய்ச்சி அடித்த, பின்புறம் குடையாத பிளேடு வகை அயர்ன்கள் அவை. முகத்தின் நடுவில் காசளவு இடத்தில் மட்டும் தேய்ந்து பளபளத்தது. ஒரு காலத்தில் பந்தை அந்த இடத்திலேயே மறுபடி மறுபடி சந்திக்க வைத்த கைகள் என்னுடையவை என்பதை நினைத்தபோது கண் கலங்கியதை மறைக்க விரும்பவில்லை. நான் செய்த தவறுகள் அனைத்துக்கும் அந்த நினைவுதான் வேர். அன்றைய ஆட்டக்காரனை மனத்தில் வைத்துக்கொண்டு, இன்றைய உடம்புக்கு மட்டை வாங்கினேன்.

மறுநாள் காலை செட்டிபாளையத்தில் உள்ள கோல்ஃப் மைதானத்துக்குச் சென்று, பயிற்சித் திடலில் எழுபது பந்துகள் அடித்தேன். கிரிப் வழுக்கியதால் என்னை அறியாமலேயே இறுக்கிப் பிடித்தேன். பத்தில் மூன்றுதான் பந்தில் சரியாகப் பட்டன, மற்றவை எல்லாம் அதிர்வாக மணிக்கட்டில் ஏறின. அங்கே முப்பது ஆண்டுகளாகப் பை சுமந்துவரும் பெரியவர் ஒருவர் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, “சாருங்க, இந்தக் கம்பி இப்ப உங்களுக்குப் பாரமுங்க. முதல்ல ரப்பரை மாத்துங்க, ரெண்டு மாசம் ஆடுங்க, அப்புறம் பாத்துக்கலாமுங்க” என்றார். அவர் சொன்னதை அன்றே கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையை எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது. நானோ, பழைய மட்டைகளால்தான் ஆட்டம் வரவில்லை, புதிது வாங்கினால் சரியாகிவிடும் என்று முடிவு செய்து வீட்டுக்கு வந்தேன்.

பல ஆண்டுகள் கிடந்த மட்டைகளை வெளியே எடுப்பவர் முதலில் செய்ய வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு மட்டையின் தலையையும் ஒரு கையால் பிடித்து, மறு கையால் ஷாஃப்டை மெல்லத் திருகிப் பாருங்கள். சிறிதளவு அசைந்தாலோ, ‘டிக்’கென்று ஒலி வந்தாலோ உள்ளே இருக்கும் எபாக்ஸி பசை விட்டுவிட்டது என்று பொருள், அந்த மட்டையை வீசினால் தலை கழன்று பறக்கும், அது யார் மீதும் விழலாம். ஷாஃப்டில் மேலாக உள்ள துருவை மெல்லிய எஃகுக் கம்பிப் பஞ்சால் தேய்த்து எடுத்துவிடலாம், ஆனால் நகத்தால் தடவும்போது குழி தென்பட்டால் அதை ஒதுக்கிவிடுங்கள். கிரிப் லேசாகத்தான் இறுகியிருக்கிறது என்றால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் சொரசொரப்பான நாரால் தேய்த்துக் காயவைத்தாலே ஓரளவு பிடிமானம் திரும்பும். பதினேழு ஆண்டு ரப்பருக்கு அது போதாது, மாற்றித்தான் ஆகவேண்டும். ஒரு மட்டைக்குக் கூலியுடன் 700 ரூபாய் அளவில் ஆனது. பை முழுவதற்கும் மாற்ற வேண்டியதில்லை. ஒரு ஹைப்ரிட் (வுட்டும் அயர்னும் கலந்த வகை) அல்லது ஐந்தாம் எண் வுட் (நீண்ட தூரத்துக்கான பெரிய தலை மட்டை), ஏழாம் எண் அயர்ன், ஒன்பதாம் எண் அயர்ன், ஒரு சேண்ட் வெட்ஜ் (முகம் மிகவும் சாய்ந்த குறுந்தூர மட்டைகளான வெட்ஜ்களில் மணலுக்கானது), பட்டர் (பந்தைக் குழிக்கு உருட்டும் மட்டை) என்று ஐந்து மட்டைகளுக்கு மாற்றினால் இரண்டு மூன்று மாதம் நிம்மதியாக ஆடலாம். விதிப்படி பையில் 14 மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம் என்பது உச்சவரம்பு மட்டுமே; திரும்பி வருபவருக்கு முதல் சில மாதங்களில் அவ்வளவு தேவையே இல்லை.

பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் அலுவலக வேலையாக வேறொரு நகரத்துக்குப் போனபோது, அங்கே கோல்ஃப் பொருள்கள் விற்கும் பெரிய கடை ஒன்றுக்குச் சென்றேன். திரையில் மைதானத்தைக் காட்டும் சிமுலேட்டர் இருந்தது. அந்த ஆண்டு வந்த புதிய வகை அயர்ன் ஒன்றைக் கொடுத்தார்கள், ஏழாம் எண். நான்காவது அடியில் திரையில் 152 கெஜம் என்று வந்தது. ஊட்டியில் என் பழைய ஏழாம் எண் அயர்னால் நான் அடித்த தூரம் 155 கெஜம். பதினேழு ஆண்டுகளில் மூன்று கெஜம்தான் போயிருக்கிறது என்று உள்ளம் துள்ளியது. எந்த ஷாஃப்ட் வேண்டும் என்று கேட்டார்கள். அன்றும் அதிகம் வளையாத ஸ்டிஃப் வகை வைத்திருந்தேன், இன்றும் அதுவே இருக்கட்டும் என்றேன். விற்பனையாளர் மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை, என் வீச்சின் வேகத்தை அளக்கவும் இல்லை; நானும் கேட்கவில்லை. ஐந்தாம் எண் முதல் பிட்ச்சிங் வெட்ஜ் வரை ஆறு அயர்ன்கள், அத்துடன் 56 டிகிரி சேண்ட் வெட்ஜ் ஒன்று, மொத்தம் 98,000 ரூபாய். வீட்டில் தொகையைச் சொன்னபோது மனைவி, “உங்க சந்தோசத்துக்குத்தானுங்க, வாங்குங்க” என்றாள். அந்த வார்த்தைக்கு நான் இன்னும் சற்றுப் பொறுப்பாக நடந்திருக்க வேண்டும் என்பதுதான் பணம் போனதைவிட என்னை வருத்தியது.

அந்த 152 கெஜத்தின் உண்மையை நான் புரிந்துகொள்ள எட்டு மாதங்கள் ஆயின. மட்டையின் அடியில் பொறித்திருக்கும் எண்ணுக்கு எந்த விதியும் கிடையாது. முகத்தின் சாய்வு, அதாவது லாஃப்ட்தான் பந்து போகும் உயரத்தையும் தூரத்தையும் பெருமளவு தீர்மானிக்கிறது. 1990களில் ஏழாம் எண் அயர்னின் லாஃப்ட் 35 டிகிரிக்கு அருகில் இருந்தது. பிட்ச்சிங் வெட்ஜ் 48 டிகிரி. இன்று எளிதாக அடிக்கும்படி வடிவமைக்கப்படும் அயர்ன்களில் ஏழாம் எண் 28 முதல் 30 டிகிரிக்குள் இருக்கிறது, பிட்ச்சிங் வெட்ஜ் 43 அல்லது 44. நான் கடையில் அடித்தது 29 டிகிரி. என் பழைய ஐந்தாம் எண் அயர்ன் 28 டிகிரி. ஆக, ஏழு என்று எழுதிய ஐந்தாம் எண் அயர்னை அடித்துவிட்டு, இளமை திரும்பிவிட்டது என்று மகிழ்ந்திருக்கிறேன். இதை ஏமாற்று என்று சொல்லமாட்டேன். புதிய அயர்ன்களில் எடையை அடிப்பகுதிக்கு இறக்கி, பின்புறத்தைக் குடைந்து ஓரங்களுக்குத் தள்ளியிருக்கிறார்கள். அதனால் பந்து உயரமாக எழுகிறது, அந்த உயரத்தைச் சமன்செய்யத்தான் லாஃப்ட்டைக் குறைக்கிறார்கள். எடையை ஓரங்களுக்குத் தள்ளும் இந்த வழியை முன்னெடுத்தவர்களில் முதன்மையானவர் 1959இல் பிங் என்ற மட்டை நிறுவனத்தைத் தொடங்கிய பொறியாளர் கார்ஸ்டன் சோல்ஹைம். நடுவில் படாத அடியும் ஓரளவு நேராகப் போவதற்கு அதுவே காரணம். திரும்பி வருபவருக்கு அது பெரும் வரம். ஆனால் வேகமாக வீசுபவருக்குத்தான் குறைந்த லாஃப்ட்டிலும் பந்து உயர எழும். என்னைப் போல் வேகம் குறைந்தவர் அடித்தால் பந்து தாழ்வாகப் போய், குழி இருக்கும் குறும்புல் பரப்பான கிரீனில் விழுந்து, நிற்காமல் உருண்டு பின்னால் போய்விடும். மார்ச் மாதம் முழுவதும் எனக்கு அதுதான் நடந்தது. நல்ல அடி அடித்தும் பந்து கிரீனில் நிற்கவில்லை என்ற ஏமாற்றத்தில், என் வீச்சில்தான் குறை என்று நினைத்து இன்னும் பலமாக வீசத் தொடங்கினேன்.

என் நினைவில் இருந்த 155 கெஜமும் சரியான அளவுகோல் அல்ல என்பதையும் சொல்லவேண்டும். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோவை 400 மீட்டர் அளவில்தான். உயரம் கூடக் கூடக் காற்றின் அடர்த்தி குறைவதால் பந்து கூடுதலாகப் போகும்; இரண்டு ஊர்களுக்கும் இடையே அந்த வேறுபாடு ஏறத்தாழ 7 சதவீதம் வரும். மலையில் 155 போன பந்து அதே வயதில், அதே வேகத்தில் கோவையில் 144 அளவில்தான் போயிருக்கும். கொடைக்கானல், ஊட்டி, வெலிங்டன் மைதானங்களில் ஆடிவிட்டுச் சமவெளிக்கு வந்தவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் பழைய தூரங்களை நம்ப வேண்டாம். எந்தத் தூரத்துக்கு எந்த மட்டை என்ற பழைய பட்டியலை முற்றிலும் மறந்துவிட்டு, புல்தரையில் நின்று, ஒவ்வொரு மட்டையாலும் பத்துப் பந்துகள் அடித்து, மிக நீண்டதையும் மிகக் குறுகியதையும் நீக்கிவிட்டு மிச்சத்தின் சராசரியை எழுதிவைத்துக்கொள்வதுதான் நேர்மையான வழி.

அதே மார்ச் மாதத்தில் இரண்டாவது தவறையும் செய்தேன். இணையத்தில் தனிநபர் ஒருவர் ஒரு முன்னணி நிறுவனத்தின் டிரைவரை, அதாவது மிக நீண்ட தூரத்துக்கான மட்டையை, 24,000 ரூபாய்க்கு விற்பதாகப் படங்களுடன் போட்டிருந்தார். புதிது வாங்கினால் அதைப் போல் இரு மடங்குக்கு மேல் ஆகியிருக்கும். வெளியூர்க்காரர், கூரியரில் அனுப்பினார். பார்ப்பதற்கு எந்தக் குறையும் தெரியவில்லை. அக்டோபரில் பெங்களூரில் மட்டை பொருத்தம் பார்க்கும் வல்லுநர் ஒருவர் அதைக் கையில் வாங்கியதும், முகத்தைப் பார்க்கவே இல்லை. தலையும் ஷாஃப்டும் சேரும் கழுத்தைத்தான் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அங்கே பொறித்திருந்த வரிசை எண் ஆழமில்லாமல், பேனாவால் கீறியது போல் இருந்தது. லாஃப்ட்டை மாற்றும் திருகில் அதற்குரிய சாவியைப் போட்டு முறுக்கினார். குறித்த இறுக்கத்தை எட்டியதும் ‘டக்’கென்று ஒலிக்க வேண்டிய சாவி ஒலிக்காமலே சுற்றிக்கொண்டிருந்தது. தலையைக் கழற்றித் தராசில் வைத்தார். டிரைவர் தலை பெரும்பாலும் 200 கிராம் அளவில் இருக்கும். இது 184 காட்டியது. “சார், இது போலி” என்று அவர் மெதுவாகச் சொன்னார். விற்றவரின் எண் அதற்குள் வேலை செய்யவில்லை. போலி மட்டைகள் வந்த காலம் தொட்டு அடையாளங்கள் இவைதாம்: வரிசை எண், எழுத்துகளின் கூர்மை, வண்ணப்பூச்சின் ஓரம், எடை. பயன்படுத்திய மட்டை வாங்குவதில் தவறே இல்லை, நான் கடைசியில் வாங்கியவையும் அப்படிப்பட்டவையே. ஆனால் வரிசை எண்ணைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, தயாரிப்பாளரின் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதி உறுதிசெய்துகொள்ளாமல் பணம் அனுப்பக் கூடாது. இயன்றவரை உங்கள் மைதானத்திலேயே ஆடும் ஒருவரிடம், நாலு பந்து அடித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பை சுமப்பவர்களிடம் சொல்லிவைத்தால் யார் புது மட்டை வாங்கினார், யாருடைய பழையது சும்மா கிடக்கிறது என்பது இரண்டு வாரத்தில் உங்கள் காதுக்கு வந்துவிடும்.

ஏப்ரல் நடுவில், சித்திரை பிறந்த வாரம், இடது முழங்கையின் வெளிப்புறத்தில் வலி தொடங்கியது. முதலில் அடித்த பிறகு மட்டும் இருந்தது. பத்து நாளில் தண்ணீர்ச் செம்பைத் தூக்கும்போதே சுரீரென்றது. எலும்பு மருத்துவர் பார்த்துவிட்டு, தசைநாண் அழற்சி, மூன்று மாதம் மட்டையைத் தொடவே கூடாது என்றார். பிசியோதெரபிக்கு 14 அமர்வுகள், ஒன்றுக்கு 600 வீதம் 8,400 ரூபாய். வலியைவிட, பதினேழு ஆண்டுகள் காத்திருந்து கைக்கு வந்த ஒன்றை மூன்றே மாதத்தில் நானே கெடுத்துக்கொண்டேன் என்ற எண்ணம்தான் அந்தக் கோடை முழுவதும் என்னை வாட்டியது. காரணங்களைப் பிறகு ஒவ்வொன்றாகப் புரிந்துகொண்டேன். நான் வாங்கிய அயர்ன்களின் எஃகு ஷாஃப்ட் ஒவ்வொன்றும் 130 கிராம் எடை. வளையாத ஸ்டிஃப் வகை. இப்போது 95 கிராம் அளவில் இலேசான எஃகும், 60 முதல் 75 கிராமில் கிராஃபைட்டும் கிடைக்கின்றன. அதிர்வைக் கிராஃபைட் நன்றாகவே உள்வாங்கிக்கொள்ளும். இரண்டாவது காரணம், நான் பயிற்சி செய்த இடம். சிமெண்டுத் தரையின் மேல் விரித்த செயற்கைப் புல் பாயில் அடித்தேன். புல்தரையில் பந்துக்குப் பின்னால் மண்ணில் பட்டால் மண் பெயரும். பாயில் பட்டால் மட்டை வழுக்கிப் போய்ப் பந்தையும் ஒருவாறு அடித்துவிடும், ஆனால் சிமெண்டின் அடி முழுவதும் முழங்கைக்கு வரும். தவறான அடியை நல்ல அடிபோல் காட்டி, அதற்கான விலையை உடம்பிடம் வாங்கும் இடம் அது. ஐம்பதைத் தாண்டியவர்கள் முதல் மாதங்களில் நாளுக்கு நாற்பது பந்துகளுக்கு மேல் அடிக்க வேண்டாம். அவற்றையும் புல்லில் நின்று, பாதிக்கு மேல் வெட்ஜாலேயே அடியுங்கள்.

ஆகஸ்ட் தொடக்கத்தில் மீண்டும் மைதானத்துக்குப் போனேன். ஆடிக் காற்று ஓயாத நேரம்; பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று செட்டிபாளையத்தில் கொடியைக் கம்பத்தோடு சேர்த்துப் படபடக்க வைக்கும். இந்த முறை பெரியவர் சொன்னபடி பழைய மட்டைகள் ஐந்துக்குக் கிரிப் மாற்றியிருந்தேன். அவசரம் இல்லை, தூரத்தைப் பற்றிய கவலை இல்லை. அந்த இரண்டு மாதங்களில்தான் என் ஆட்டத்தில் உண்மையில் எது இல்லை என்பது தெரிந்தது. பட்டர் பழையதே போதும். பட்டருக்கு வயது இல்லை, 1990களின் பட்டரும் இன்றையதும் பந்தை ஒரே போலத்தான் உருட்டுகின்றன. 2003இல் வாங்கிய ஐந்தாம் எண் வுட் இன்றும் நன்றாக இருந்தது. நீண்ட அயர்ன்களை என்னால் இனி எழுப்ப முடியாது என்பதும், 80 கெஜத்துக்கும் 115 கெஜத்துக்கும் இடையில் எனக்கு மட்டையே இல்லை என்பதும் அப்போது தெளிவாயின. இரண்டாவது குறை நான் பிப்ரவரியில் காசு கொடுத்து வாங்கியது. பிட்ச்சிங் வெட்ஜ் 43 டிகிரி, சேண்ட் வெட்ஜ் 56. நடுவே 13 டிகிரி வெற்றிடம். அடுத்தடுத்த வெட்ஜ்களுக்கிடையே 4 முதல் 6 டிகிரி இருப்பதுதான் வழக்கம். புதிய அயர்ன் வாங்குபவர்கள் பிட்ச்சிங் வெட்ஜின் லாஃப்ட் என்ன என்று கட்டாயம் கேளுங்கள். அதை வைத்துத்தான் மற்ற வெட்ஜ்களைத் தீர்மானிக்க வேண்டும்.

அக்டோபரில் சின்னவளைப் பார்க்கப் பெங்களூர் போனபோது, 5,000 ரூபாய் கட்டணத்தில் ஒன்றரை மணி நேரம் மட்டை பொருத்தம் பார்த்தேன். பந்தின் வேகம், சுழற்சி, எழும் கோணம், விழும் கோணம் எல்லாவற்றையும் ராடார் கருவி அளந்தது. டிரைவர் வீச்சின் வேகம் மணிக்கு 82 மைல். 95 மைலுக்கு மேல் வீசுபவர்களுக்குத்தான் பொதுவாக ஸ்டிஃப். 85க்குக் கீழே என்றால் அதைவிடக் கூடுதலாக வளையும் சீனியர் அல்லது இலேசான ரெகுலர். இந்தப் பெயர்களுக்கும் பொதுவான தரநிர்ணயம் கிடையாது, ஒரு நிறுவனத்தின் ரெகுலர் மற்றொன்றின் ஸ்டிஃப் போல இருக்கலாம் என்பதையும் அவர்தான் விளக்கினார். ‘சீனியர்’ என்ற சொல் முதலில் மனத்தை உறுத்தியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த ஷாஃப்டில் ஆறாவது பந்து அடித்தபோது, கையில் எந்த அதிர்வும் இல்லாமல் பந்து எழுந்து போன விதத்தைப் பார்த்ததும் உறுத்தல் போய்விட்டது. டிரைவரில் எனக்கு 12 டிகிரி லாஃப்ட் வேண்டும் என்று கருவி காட்டியது; நான் ஆண்டுக்கணக்கில் 9.5க்கு மேல் தொட்டதில்லை. வேகம் குறைந்தவருக்குக் கூடுதல் லாஃப்ட்தான் கூடுதல் தூரம். என்னிடம் ஒரே ஒரு புதிய மட்டை வாங்கத்தான் பணம் இருக்கிறது என்று யாராவது சொன்னால், அயர்னுக்குப் பதில் டிரைவரை வாங்கச் சொல்வேன். 1990களின் டிரைவர் தலைகளோடு ஒப்பிட்டால் 460 கன சென்டிமீட்டர் உச்சவரம்பில் செய்யப்படும் இன்றைய தலைகள் ஓரத்தில் பட்ட அடியையும் காப்பாற்றும் அளவே வேறு.

மட்டையின் நீளமும், தலையைத் தரையில் வைக்கும்போது ஷாஃப்ட் தரையோடு சேரும் லை கோணமும் பலர் கவனிக்காதவை. என் உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம். இன்றைய அயர்ன்கள் பழையவற்றைவிட அரை அங்குலம் வரை நீளம் கூடியவை. குட்டையானவர் நீளமான மட்டையைப் பிடித்தால் மட்டைத் தலையின் முனை தூக்கி, ஷாஃப்டை ஒட்டிய குதிகால் பக்கம் தரையில் படும். வலக்கை ஆட்டக்காரருக்குப் பந்து இடப்பக்கம் போகும். என்னுடையவை அப்படித்தான் போய்க்கொண்டிருந்தன. இதை வீட்டிலேயே ஓரளவு சோதிக்கலாம். செருப்பில்லாமல் அல்ல, ஆடும் காலணியுடன் கெட்டித் தரையில் நேராக நின்று, கைகளைத் தொங்கவிட்டு, மணிக்கட்டின் மடிப்பிலிருந்து தரை வரை தையல் நாடாவால் வேறொருவரை அளக்கச் சொல்லுங்கள். உயரத்தையும் இந்த அளவையும் சேர்த்துச் சொன்னால் எந்த நல்ல கடையும் தொடக்க நீளத்தைச் சொல்லிவிடும். லை கோணத்துக்கு, பந்தின் பின்புறத்தில் வெள்ளைப் பலகையில் எழுதும் மார்க்கரால் தடிமனாகச் செங்குத்துக் கோடு ஒன்று போட்டு, அந்தக் கோடு மட்டையைப் பார்க்கும்படி வைத்து அடியுங்கள். முகத்தில் பதியும் கோடு நேராக நின்றால் சரி, சாய்ந்திருந்தால் மட்டையை வளைத்துச் சரிசெய்ய வேண்டும். என் முதல் கோடு குடிபோதையில் வரைந்ததுபோல் சாய்ந்திருந்தது. ஒரு டிகிரி தட்டையாக்கியதும் நிமிர்ந்தது.

நவம்பர் முடிவில் என் பை இப்படி அமைந்தது: 12 டிகிரி டிரைவர், பழைய ஐந்தாம் எண் வுட், இரண்டு ஹைப்ரிட், ஆறாம் எண் முதல் பிட்ச்சிங் வெட்ஜ் வரை கிராஃபைட் ஷாஃப்ட் போட்ட, பின்புறம் குடைந்த கேவிட்டி பேக் அயர்ன்கள் ஐந்து, 49 டிகிரி வெட்ஜ் ஒன்று, 56 ஒன்று, பட்டர். மொத்தம் பன்னிரண்டு. அயர்ன்கள் இரண்டாம் கை, 38,000. டிரைவர் மூன்றாண்டுப் பழையது, 21,000. ஹைப்ரிட் இரண்டும் 16,000. 49 டிகிரி வெட்ஜ் 7,000. பொருத்தம் பார்த்ததற்கு 5,000. ஆக 87,000 ரூபாய். முதலில் அவசரத்தில் கொட்டிய 1,22,000ஐவிட 35,000 குறைவு. 49 டிகிரி வெட்ஜை வாங்கும்போது பவுன்ஸ் பற்றியும் கேட்டேன். அடிப்பகுதியின் புடைப்பு அது. மண் மெத்தென்று இருந்தால் கூடுதல் பவுன்ஸ் நல்லது, கோடையில் காய்ந்து இறுகும் நம் சமவெளித் தரையில் பட்டால் மட்டை எகிறிப் பந்தின் நடுவில் மோதும். அதனால் குறைந்த பவுன்ஸாகவே எடுத்தேன். மைதானத்தின் மணல் குழியான பங்கருக்கு மட்டும் பழைய 56ஐயே வைத்துக்கொண்டேன்.

பிப்ரவரியில் வாங்கிய அயர்ன்களை 52,000 ரூபாய்க்கு விற்றேன். அதில் 46,000 நட்டம், போலி டிரைவரில் 24,000, சிகிச்சைக்கு 8,400. வாங்கியவர் திருப்பூரைச் சேர்ந்த இருபத்தொன்பது வயது இளைஞர், ஆறடிக்கு மேல் உயரம். மைதானத்திலேயே ஏழாம் எண்ணை எடுத்து நான்கு பந்துகள் அடித்தார். காற்றுக்கு எதிராகவே பந்து உயர்ந்து போய், விழுந்த இடத்தில் நின்றது. மட்டைகளில் எந்தக் குறையும் இருந்ததில்லை. ஒவ்வோர் அயர்னின் லாஃப்ட், லை, நீளம், ஷாஃப்ட் எடை ஆகியவற்றை, பெங்களூரில் அளந்து கொடுத்தபடியே ஒரு தாளில் எழுதி, பிட்ச்சிங் வெட்ஜுக்கும் சேண்ட் வெட்ஜுக்கும் இடையில் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்று கீழே சேர்த்து, பையின் பக்கவாட்டு அறையில் வைத்து அவரிடம் கொடுத்தேன்.